முருகா, அவர் குடிக்கவில்லை

முருகன் பெயரைச் சொல்லும் அன்பர்களே, 1966 ஆடி மாதத்தில் எங்கள் குடும்பம் சந்தி சிரித்தது. தாராவியில் தோல் பதனிடும் பட்டறையில் என் வீட்டுக்காரருக்கு வேலை. பம்பாயில் மதுவிலக்கு என்று பெயர்தான். எங்கள் சந்தில் குழாய்த் தண்ணீரைவிடச் சாராயம் சுலபமாகக் கிடைத்தது. அவர் சோற்றை மறந்தார், சாராயத்தை மறக்கவில்லை. நான் அழாத நாளில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. திருச்செந்தூரானை நினைத்து மாலை போட்டார். இனித் தொடமாட்டேன் என்றார். எங்கள் ஆட்கள் விரதம் என்றால் லேசில் விடுவார்களா? வெறும் பாலும் பழமும்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சில நாளில் கை நடுங்கியது. பிறகு நடை தள்ளாடியது. ஆள் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். குழாயடியில் அத்தனை பேரும் பார்த்தார்கள். கேட்க வேண்டுமா! பக்கத்து வீட்டுச் செல்லத்தாயக்கா சத்தமாகவே சொன்னாள்: "மாலையப் போட்டுக்கிட்டே ஊத்திட்டு வந்திருக்காம்லா! சாமியவே ஏமாத்துதான், பாவி!"

அவர் என்னைப் பார்த்தார். "நான் குடிக்கலட்டி. செந்தூரான் மேல சத்தியமா குடிக்கல. நீயாவது நம்பு."

வாயை முகர்ந்து பார்த்தேன். வாடையே இல்லை. ஆனால் இந்த மனுஷன் இதற்கு முன் எத்தனை சத்தியம் பண்ணியிருக்கிறார்! நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. முருகன் படத்துக்கு முன்னால் விழுந்து ஓவென்று அழுதேன். "அப்பனே, குடிச்சிருந்தா எனக்குக் காட்டு. குடிக்கலைன்னா ஊருக்குக் காட்டு!"

எழுந்தபோது மனதில் ஒரே நினைப்பு. மாதுங்காவில் ஒரு தமிழ் டாக்டரம்மா இருக்கிறாரே! அந்த நினைப்பைக் கொடுத்தவன் முருகன்தான். கைத்தாங்கலாக டாக்ஸியில் ஏற்றினேன்.

டாக்டரம்மா தன் விரலை இப்படியும் அப்படியும் ஆட்டி அதையே பார்க்கச் சொன்னார். என் வீட்டுக்காரரின் கண்மணிகள் நிலைகொள்ளாமல் ஆடின. என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். சொன்னேன்.

"இவர் குடிக்கலைம்மா. இத்தனை வருஷக் குடியில உடம்புல இருந்த வைட்டமின் எல்லாம் போயிடுத்து. அதுக்கு மேல பட்டினி வேற. இன்னும் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து."

உடனே பி-ஒன் என்கிற சத்து ஊசியைப் போட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் கொடுத்தார். "மாலையைக் கழட்ட வேண்டாம். பட்டினியைக் கழட்டுங்கோ" என்றார். அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலும் ஊசி தொடர்ந்தது. மறுநாளே பார்வை நிலைக்கு வந்தது. நடை சீராகத்தான் வெகுநாள் பிடித்தது. வீட்டுக்கு வந்தபின் பயறு, கீரை, வயிறு நிறையச் சோறு. சத்து மாத்திரையைத் திருநீற்றுத் தட்டில் வைத்துக் கொடுப்பேன். மாத்திரை குடியை விரட்டும் என்று டாக்டரம்மா ஒருநாளும் சொல்லவில்லை. உடம்பை அது தாங்கும், விடவேண்டியது அவர்தான் என்றார். அவரும் விட்டார். ஆசை பொங்கும் சாயங்காலங்களில் என் கையை இறுக்கிப் பிடித்தபடி வேலா, வேலா என்று உட்கார்ந்திருப்பார். என்ன வைராக்கியம்!

அடுத்த ஆடிக் கிருத்திகைக்குப் பால்குடம் எடுத்தார். சந்து முழுக்க நேராக நடந்தார். செல்லத்தாயக்கா குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்து அவர் காலில் ஊற்றினாள். "வாய் தவறிப் பேசிட்டேன்யா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முருகன் ஊருக்குக் காட்டிவிட்டான்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் குடியால் வாடுகிறவர் இருந்தால் முருகனைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டுச் சும்மா உட்காராதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள், தட்டு நிறையச் சோறு போடுங்கள். அவன் எந்தக் கை வழியாகவும் வருவான்.

இப்போதெல்லாம் அவர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், நான் வாயை முகர்ந்து பார்ப்பதில்லை.