உப்புத் தண்ணிக்கு உப்பு

என் மனைவியின் விரல்கள் வெடித்து ரத்தம் கசிய ஆரம்பித்த பிறகுதான் பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கினோம். போர் தண்ணீரும் சோப்பும் இனி கையில் படவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் சேக்காட்டில் போர் தண்ணீரை உப்புத் தண்ணி என்றுதான் சொல்வோம். மெஷினோ, உப்புப் போடு என்று சிவப்பு விளக்கு எரித்தது. எனக்கு வந்ததே கோபம். ஏற்கெனவே உப்பு, அதில் இன்னும் உப்பா? ஃபேக்டரியில் முப்பது வருஷம் மெஷின்களோடு குப்பை கொட்டியவனுக்கு இது பாடம் எடுக்கிறதா? கூட வந்த உப்புப் பாக்கெட்டைப் பரணில் போட்டேன். விளக்கு கண்ணை உறுத்தியது. அதன்மேல் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன்.

டம்ளரும் தட்டும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக்கொண்டு வெளியே வந்தன. துடைத்தால் போகாது. அவளுக்கு அது பொறுக்காது. கறை படிந்த டம்ளரில் யாருக்கும் தண்ணீர் கொடுக்க மாட்டாள். நான் அந்தப் பக்கம் போனதும் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்ப்பாள். விரல்கள் ஆறவே இல்லை.

"மெஷின் கழுவினதை மறுபடி கழுவுற ஒரே ஆள் நீதான்" என்று கத்துவேன்.

"கறையோட அடுக்கச் சொல்றீங்களா?" என்பாள்.

அந்தச் சுத்தத்தை வீம்பு என்று நினைத்தேன். என் வீம்பு எனக்குத் தெரியவில்லை.

எதிர் வீட்டுப் பெண் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி கேன்டீனில் பெரிய பாத்திர மெஷினை ஓட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை உறைக்கு மோர் வாங்க வந்தவர், எங்கள் மெஷினைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னா சார், மிஷினுக்குப் பொட்டு வெச்சிகீறீங்க?"

காரணத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நாமதான் சார் உப்புத் தண்ணின்றோம். பாத்திரத்துல பூக்கறது சுண்ணாம்பு. அதைப் புடிச்சி வெக்கிற சாமான் ஒண்ணு உள்ள கீது. அதைக் கழுவி உடத்தான் இந்த உப்பு. போடலைன்னா அது இன்னா பண்ணும், பாவம்?"

குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையை உள்ளே விட்டு, அடியில் இருந்த மூடியை ஒரே திருகில் கழற்றினார். நான் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. நான் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த உப்பைப் புனல் வைத்துக் கொட்டினார். எங்கள் தண்ணீருக்குத் தகுந்தபடி பட்டனை அழுத்தி அளவை ஏற்றினார். பழைய கறைக்கு ஒரு கிண்ணம் வினிகரை மேல் தட்டில் வைத்து ஓடவிட்டார். எத்தனையோ ஃபிட்டர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். இவ்வளவு அலட்டல் இல்லாத கையை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். மோரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு டம்ளரும் தட்டும் பளிச்சென்று வெளியே வந்தன. என் மனைவி பாத்திரம் தேய்க்கக் குழாயைத் திறக்கவில்லை. மூன்று வாரத்தில் விரல்கள் ஆறின.

ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் ரசம் ஊற்றி, சோற்றைக் கையால் நன்றாகப் பிசைந்து சாப்பிட்டாள். அவ்வளவு நாளும் எரிச்சல் தாங்காமல் ஸ்பூனில் சாப்பிட்டிருக்கிறாள். அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தினமும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.