நல்லமுத்துவின் இடது கை

என் தங்கச்சி வீரம்மாவின் புருஷன் நல்லமுத்து. கொட்டகலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கிறவன். விடியக்காலையில் அவன் தப்புச் சத்தம் கேட்டால்தான் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனம் எழுந்து, பேர் கொடுத்து வேலை வாங்கும் பெரட்டுக்கு ஓடும். இடதுகைக்காரன். வாயில் எந்நேரமும் சுருட்டு. எனக்கு அவனைக் கண்டால் ஆகாது என்று ஊரே சொல்லும். ஆகாதவனைப் பற்றியா இவ்வளவு பேசிக்கொண்டிருப்பேன்?

அறுபத்திரண்டாம் வருஷத்து மாரியம்மன் திருவிழாவில்தான் ஆரம்பித்தது. மலை முழுக்கப் பனிமூட்டம். ஊர்வலத்தில் ஒரு மணி நேரம் விடாமல் அடித்தவன், திடீரென்று கண் செருகி, தள்ளாடி, தேயிலைச் செடிமேல் சாய்ந்துவிட்டான். "ஆத்தா வந்துட்டா!" என்று கூட்டம் கும்பிட்டது. விபூதி பூசிக் குறி கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாராயம் போட்டுவிட்டு ஆடுகிறான் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவனைத் தனியாகப் பிடித்தேன்.

"என்ன மச்சான் இந்தக் கூத்து?"

"ஆத்தா இல்ல மச்சான். மொதல்ல கை மரத்துப் போகுது. அப்புறம் மலையெல்லாம் மெதுவா சுத்துது, காதுல ஆறு ஓடுற மாதிரி ஒரே இரைச்சல். எல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சு, அப்படியே வெள்ளையாப் போயிருது. அந்த வெள்ளைக்குள்ள அம்மாக்கண்ணு நடந்து வர்றா. பச்சைப் பாவாடை. என்னையப் பாத்துச் சிரிக்கிறா."

அம்மாக்கண்ணு அவர்களுடைய ஒரே பிள்ளை. நாலு வயதில் காய்ச்சலில் போனவள். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு, பத்து நிமிஷத்தில் முடியவேண்டிய பெரட்டுத் தப்பு அரை மணி நேரமாக நீண்டது. "மனுசனத் தூங்க விடுறானா பாவி" என்று லயமே திட்டியது. அவனோ பனிக்குள் தலையைச் சாய்த்து நின்று அடித்துக்கொண்டே இருப்பான். விழுவான். சற்று நேரத்தில் தானே எழுவான். முகத்தில் தூங்கும் குழந்தையின் சிரிப்பு இருக்கும். ஒரு காலை கல்படியில் உருண்டு மண்டை உடைந்தது. நானும் வீரம்மாவும் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

தோட்டத்து டாக்டர் தம்பு யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. காயத்தைக் கட்டிவிட்டு இரண்டு கையிலும் நாடி பிடித்தார். இடது கையில் நாடி தேடவேண்டியிருந்தது. இரண்டு கையிலும் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். கழுத்தெலும்புக்கு மேலே குழாயை வைத்துக் கேட்டார்.

"இடக்கையால மேசையில தட்டுங்கோ, பாப்பம்."

கால் மணி நேரம் விடாமல் தட்டினான். நல்லமுத்துவின் கண் செருகிற்று.

அவன் தெளிந்த பிறகு டாக்டர் சொன்னார்: "இடக்கைக்குப் போற ரத்தக்குழாய் அடைபட்டுப் போச்சு. கை வேலை செய்யேக்க ரத்தம் காணாமல், மூளைக்குப் போறதை இழுத்தெடுக்குது. மூளை பசியில கிடக்குது, அதுதான் மயக்கம். சுருட்டை விடுங்கோ, தப்பையும் விடுங்கோ. இல்லாட்டி ஒருநாள் விழுந்தால் எழும்பமாட்டியள்."

நல்லமுத்து ஒன்றுதான் கேட்டான். "விட்டுட்டா புள்ள வரமாட்டாளாங்க, ஐயா?"

"எந்தப் புள்ள?" என்றாள் வீரம்மா. அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வீரம்மா தப்பை விறகுக்குப் பின்னால் ஒளித்தாள். "நீங்க எனக்கு இருக்கணும்" என்றாள். அவன் சரி என்று தலையாட்டினான். சுருட்டையும் விட்டான். பெரட்டுக்கு வேறொருவன் அடித்தான். நல்லமுத்து விழவில்லை, சிரிக்கவுமில்லை. வாசலில் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் குடியிருக்கும் காம்பிராவிலிருந்து தப்புச் சத்தம் கேட்டது. சாகத் துணிந்துவிட்டானா என்று கத்திக்கொண்டே ஓடிக் கதவைத் தள்ளினேன்.

அவன் இல்லை. வீரம்மா அடித்துக்கொண்டிருந்தாள், இடது கையால். உள்ளங்கை கொப்புளித்து உடைந்திருந்தது. கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"எவ்வளவு நேரமா அடிக்கிறேன் அண்ணே" என்று தேம்பினாள். "எங்கிட்ட வரமாட்டேங்கிறாளே."