நாலு கிலோ வித்தியாசம்

மண்டூர்த் துறைக்கும் குருமண்வெளித் துறைக்கும் இடையே ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடக்கிற தட்டையான படகை அந்தப் பக்கத்தில் பாதை என்பார்கள். அதில் இருபத்திரண்டு வருடமாக எஞ்சின் பிடிக்கிறவர் அருமைநாயகம். இரண்டு பக்கமும் பாரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய வித்தை. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடையைச் சொல்லிவிடுவார். கல்யாண வீட்டுக்குப் பட்டுடுத்திப் போகிற பருத்த மனிசிமாரையும் "நீங்க அங்கால போங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லுவார். யாரும் கோபித்ததில்லை. கோபித்தாலும் மனிசன் கவலைப்படுகிற ஆளில்லை.

அப்படிப்பட்டவரை வெறும் நாலு கிலோ போட்டுக் குழப்பிவிட்டது.

மகள் பிரஷாந்தி ஐம்பது கிலோ குத்துச்சண்டையில் மாகாணச் சம்பியன். மனைவி கண்ணகையின் தங்கை மட்டக்களப்பு டவுனில் நோபேட் என்பவரைக் கட்டிப் பெற்றவள் மேர்லின். அவள் ஐம்பத்துநாலு கிலோவில் சம்பியன். மனைவியின் தங்கை மகள் என்றால் அவளும் மகள்தானே. "பெரியப்பா" என்று அவள் ஒரு தரம் கூப்பிட்டால் மனிசன் உருகிப்போவார். எடை வேறு என்பதால் இரண்டு பேரும் மோதியதே இல்லை. மோதினால் எவள் வெல்லுவாள் என்று பாதையில் ஏறுகிற சனம் மூன்று மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியது.

"மேர்லின்ட கை நீளம். மற்றவள் கிட்டப் போகமுதல் மூக்குடைஞ்சிரும்," என்பார் மீன் வியாபாரி உசனார்.

"கை நீளமெண்டா மாங்காய் பறிக்கச் சொல்லுங்க. பிரஷாந்தி ஒரு இடத்தில நிண்டாத்தானே அடிக்கிறதுக்கு," என்பான் பள்ளிக்கூட வாத்தி மதுரன்.

"நீங்க சொல்லுங்க அருமண்ணே," என்று இவரிடம் வந்தால், "எஞ்சின் சத்தத்தில ஒண்டும் கேக்கல்ல," என்று தப்பிவிடுவார்.

அன்று காலையில் அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அடுத்த மாதப் போட்டியில் ஐம்பது கிலோப் பிரிவு இல்லையாம். போவதென்றால் பிரஷாந்தி மேர்லினின் பிரிவுக்கு ஏறி, அவளை வெல்ல வேண்டும். பின்னேரத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

"அப்பா, நான் வெல்லுவனா?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்தவருக்கு மேர்லினின் முகம் முன்னால் வந்து நின்றது. "பாப்பம்," என்றார். பிரஷாந்தி தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் 'பாப்பம்' அவரை அரித்துக்கொண்டே இருந்தது. மகள் வெல்லமாட்டாள் என்று நினைத்தாரா, மேர்லின் தோற்கக் கூடாது என்று நினைத்தாரா? அவருடைய மனசு அவருக்கே பிடிபடவில்லை.

மூன்று மணிப் பயணத்தில், நடு வாவியில், மறுபடியும் அதே வாக்குவாதம். அருமைநாயகத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"போதும். மேர்லின்ட ஆக்கள் வலப்பக்கம் போங்க. பிரஷாந்திட ஆக்கள் இடப்பக்கம் வாங்க. வாயை மூடிக்கொண்டு நில்லுங்க."

மூன்று மாதமும் சத்தம் சரிக்குச் சரியாகத்தானே கேட்டது, ஆட்களும் பாதிக்குப் பாதி பிரிவார்கள் என்று நினைத்துவிட்டார். ஆளை எடை போடத் தெரிந்தவர் சத்தத்தை எடை போட்டதுதான் பிழை. சனம் முழுவதும் வலப்பக்கம் போனது. பிரஷாந்திக்காக இவ்வளவு நாளும் கத்தியது மதுரன் ஒருவன்தான். பாதை சரிந்து வலப்பக்கப் பலகையில் தண்ணீர் ஏறியது.

இடப்பக்கத்தில் மதுரனைத் தவிர ஹெல்மெட் போட்ட ஒரு பெண் மட்டும் நின்றாள். ஏற்றும்போது ஐம்பது கிலோ என்று அவருடைய கண் சொன்னது. மகள் என்று சொல்லவில்லை. தோளில் கிடந்த நீலப் பையை இப்போதுதான் கண்டார். அவர் வாங்கிக் கொடுத்த பை.

எஞ்சினை அணைத்துவிட்டு இடப்பக்கம் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். நடு வாவியில் அவர் எஞ்சினை விட்டு நகர்ந்தது அதுவே முதல் தடவை. உசனார் தலையைக் குனிந்துகொண்டு தன் மோட்டார் சைக்கிளை இந்தப் பக்கம் தள்ளி வந்தார். பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். பாதை நிமிர்ந்தது.

பிரஷாந்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண்கள் சிவந்திருந்தன.

"பாதை சரிஞ்சதால வந்தீங்களா அப்பா, எனக்காக வந்தீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"தெரியல்ல புள்ள."

"நான் தோத்துப் போவனா?"

"அதுவும் தெரியல்ல."

"மெய்யாவா?"

"மண்டூர் முருகன் சத்தியமா எனக்குத் தெரியல்ல."

அவள் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். "நான் தோத்துப் போவன் எண்டு உங்களுக்கு நல்லாத் தெரியும், சொல்ல மனமில்லாமத்தான் பாப்பமெண்டு சொன்னீங்க எண்டு நினைச்சன்," என்றாள். பிறகு பையிலிருந்து போனை எடுத்துப் பயிற்சியாளரிடம் பேசினாள். "சேர், ஐம்பத்துநாலுல என்ட பேரைப் போடுங்க."

காற்று பாதையைத் தெற்கே இழுத்துக்கொண்டிருந்தது.

"அருமண்ணே, எஞ்சினைப் போடுங்க," என்றார் உசனார்.

"கொஞ்சம் பொறுங்க," என்று சொல்லிவிட்டு அவர் மகளுக்குப் பக்கத்திலேயே நின்றார்.