புயலன்று வைத்த ஜீரோ

செவ்வாய்க்கிழமை காலை எளாவூரில் கம்பெனி பஸ் ஏறும்போது டிரைவர்தான் சொன்னார். "சேதி தெரியாதா சம்பத்து? கோமதி மேடம் தவறிட்டாங்கப்பா. விடிகாலைல நெஞ்சு வலியாம்." நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் சாயங்காலம்தான், என் டெஸ்ட் ஷீட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று அவரை வாய்க்கு வந்தபடி முணுமுணுத்திருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்களுடையது சின்ன கம்பெனி. கடலுக்குள் இறக்கினால் ஆழம் சொல்லும் சென்சார்கள் செய்கிறோம். தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அதை வைத்து ஆழத்தைக் கணக்கிடும் கருவி அது. ஆனால் தண்ணீருக்கு மேல் காற்றும் அழுத்துகிறதே! அதனால் இறக்குவதற்கு முன் வெளியில் வைத்து, 'இதுதான் ஜீரோ' என்று அதற்குச் சொல்லிவிட வேண்டும். டெஸ்டிங் பிரிவு மேடத்தின் பொறுப்பு. நானும் அவரும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். அவர் மேலே போனார், நான் டெஸ்டிங் பெஞ்சிலேயே இருந்தேன். தினமும் காலையில் வந்ததும் காற்றழுத்தத்தைப் பார்த்து டைரியில் குறிப்பார், நாஷ்டா எல்லாம் அப்புறம்தான். "தலை மேல காத்து ஒக்காந்துகினு கீது, அத்த கழிக்காம ஆழம் இன்னா ஆழம்?" என்று சிரிப்பார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகையில் புயல் வந்தது. எட்டு சென்சார்கள் மூன்று நாள் கழித்துப் போக வேண்டும். அனுப்புகிற அன்று காலையில்தான் ஜீரோ வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எங்கள் தெருவில் தண்ணீர் ஏறுகிறது, வீட்டில் கைக்குழந்தை. நான் புயலன்றே ஜீரோ வைத்து, ஷீட்டில் அனுப்பும் நாளின் தேதியை முன்கூட்டியே எழுதிவிட்டு ஓடிவிட்டேன்.

புயல் நாளில் காற்றின் அழுத்தம் இறங்கியிருக்கும். வானம் வெளுத்ததும் அது ஏறிவிடும். ஏறியதையெல்லாம் சென்சார் தண்ணீர் என்றே எடுத்துக்கொள்ளும். பழவேற்காட்டுப் பக்கம் படகுகள் போகிற வழியை அளப்பவர்கள் அதை வைத்து ஒரு நாள் முழுக்க அளந்துவிட்டார்கள். மறுநாள் போன் வந்தது. "இன்னாங்க இது, தண்ணியில எறக்கவே இல்ல, அதுக்குள்ள அரை அடி காட்டுது!" இல்லாத அரை அடியை நம்பிப் போகிற படகு தரை தட்டும். இதைச் செய்தவன் எவனாக இருந்தாலும் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி கத்தினார்.

சென்சாரே கோளாறு என்று சாதிக்கத்தான் நினைத்தேன். திரும்பி வந்த எட்டையும் மேடம் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"எட்டும் ஒரே மாதிரி கெட்டுப்போவுமா சம்பத்து?" டைரியைப் புரட்டி, புயலன்று குறித்திருந்த காற்றழுத்தத்தோடு ஒத்துப் பார்த்தார். "இது புயல் அன்னிக்கி வச்ச ஜீரோ. தேதி மட்டும்தான் வேற."

"மேடம், வேலை போயிடும். உங்க கால்ல வேணா வுழறேன்."

"கால்ல வுழுந்தா ஜீரோ சரியாயிடுமா?" அவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்ததில்லை. டைரியை மூடிவிட்டு, "நீங்களே போயி சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்" என்றார்.

சொன்னேன். முதலாளி வாயைத் திறப்பதற்குள் மேடம் பேசினார். "சரிபாக்காம கையெழுத்து போட்டது நானு சார். ஊர்ல தண்ணி ஏறறப்ப ஆள ஊட்டுக்கு அனுப்பாததும் நான்தான். அனுப்பறதுன்னா ரெண்டு பேரையும் அனுப்புங்க."

யாரையும் அனுப்பவில்லை. மறுநாள் இருவரும் படகில் போய், ஜீரோ வைத்து, எல்லாவற்றையும் திரும்ப அளந்து கொடுத்தோம். மேடம் பெரியபாளையத்தில் நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண், படகில் கால் வைத்ததே அன்றுதான். போகும்போதும் வரும்போதும் வாந்தி. அதற்கு நடுவிலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஜீரோ பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அதற்கப்புறம் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். ஒரு சண்டையில்கூட அவர் அந்த எட்டு சென்சார் பேச்சை எடுத்ததில்லை. என் பிள்ளைகள் சாப்பிட்ட சோறு அவர் காப்பாற்றிக் கொடுத்தது.

நேற்று பெரியபாளையத்தில் மேடம் வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு நிறைய சனம். பெயரைச் சொன்னதும் அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் சம்பத்தா? ஆபீசுல ஒருத்தரு, யாரும் கேக்காமயே தன் தப்ப மொதலாளிகிட்ட போயி சொன்னாருன்னு, பசங்களுக்கு உங்களத்தான் சொல்லிக்கினே இருப்பா."

தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். முடியவில்லை. தேதியை மாற்றி எழுதியது, மறைக்கப் பார்த்தது, மேடம் கண்டுபிடித்தது, காலில் விழப் போனது என்று எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். கணவர் அழுதார். கடைசியில் அழுகையோடு சிரித்தார். "அந்தக் கதைய எங்கிட்ட கூட மாத்திட்டாளே" என்றார்.

மேடம், உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் சொன்ன அந்த ஆளாக நான் இருந்தது நேற்று ஒரு நாள்தான். யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் நிற்க நீங்களும் இல்லை. போய் வாருங்கள்.