ஒரு சுற்று முடித்த மீட்டர்

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் அப்பாவுக்குக் கார் ஆசை முற்றிவிட்டது. ஆவடியில் ராணுவ டாங்க் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. குவார்ட்டர்ஸில் வீடு. சொந்த ஊர் நாகர்கோவில். ஒவ்வொரு மே மாதமும் ஊருக்குப் போகும்போது, பஸ் விழுப்புரம் தாண்டுவதற்குள் தம்பி வாந்தி எடுக்க ஆரம்பித்துவிடுவான். திருநெல்வேலி வரை நிறுத்தமாட்டான். பக்கத்து சீட்டுக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டே அம்மா ஊர் போய்ச் சேருவாள்.

இனிமேல் பஸ் ஏறுவதில்லை என்று அப்பா முடிவு செய்தார். கடைத்தெருவுக்குப் போய்வரும் கார் வேறு, எழுநூறு கிலோமீட்டர் மூச்சு வாங்காமல் போகும் கார் வேறு என்பார் அவர். நீளமான முகப்பும் அகலமான சீட்டும் உள்ள ஒரு பழைய வெளிநாட்டு மாடல் அவர் மனதில் இருந்தது. நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த வண்டியாம். பழையதாகத்தான் கிடைக்கும். அதுவும் பி.எஃப். கடனையும் அம்மாவின் வளையல்களையும் சேர்த்து ஒரே ஒருமுறைதான் வாங்க முடியும். தப்பாக வாங்கிவிட்டால் மறுபடி பஸ்தான்.

அம்மாவின் தம்பி அம்பத்தூரில் மெக்கானிக். பதினாறு வயதில் ஊரிலிருந்து வந்தவர், ஐந்தே வருஷத்தில் ஊர்ப்பேச்சைத் தொலைத்துவிட்டு மெட்ராஸ் பேச்சுக்கு மாறிவிட்டார் என்று அம்மாவுக்கு வருத்தம். ஆனாலும் வண்டி பார்க்க அவரைக் கூட்டிப்போகச் சொன்னவள் அவள்தான். டாங்க்குக்கே எஞ்சின் பூட்டுகிறவனுக்கு ரோட்டோர மெக்கானிக் துணை எதற்கு என்று அப்பா முனகினார். முனகிக்கொண்டே அழைத்துக்கொண்டார். அடம்பிடித்து நானும் போனேன்.

முதல் வண்டி கரையான்சாவடியில் ஒரு துணிக்கடைக்காரருடையது. கீழே கடை, மேலே வீடு. பன்னிரண்டு வருஷமாக அந்த வண்டி போகவேண்டிய இடம் என்று ஒன்று இல்லாமலே போயிருந்தது. தன் கடைத் துணியையே மேலே போர்த்தி வைத்திருந்தார். அதை விலக்கியதும் கதவில் என் முகம் தெரிந்தது. மீட்டரில் பதினோராயிரம் கிலோமீட்டர். அப்பா அதைக் குனிந்து படித்துவிட்டு, நம்பமுடியாமல் மறுபடியும் ஒருமுறை குனிந்து படித்தார்.

மாமா கீழே குந்தினார். டயரின் பக்கவாட்டை நகத்தால் கீறினார். ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிரேக்கை மிதித்தார். அது தரை வரை போய் அங்கேயே நின்றுகொண்டது. பெட்ரோல் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார். பழைய வார்னிஷ் வாடை அடித்தது. பிறகு அப்பாவைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மச்சான், இது நின்னுகினே இருந்த வண்டி. மேல பளபளன்னு கீது, உள்ள ரப்பர் எல்லாம் காஞ்சி கீது. ஊருக்குப் போறதுக்கு இது ஆவாது."

"பதினோராயிரந்தான் ஓடியிருக்குடா."

"அதத்தான் மச்சான் நானும் சொல்றேன்."

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா அவரோடு பேசவில்லை. முகம் தெரியும் கதவைத் தட்டிக்கழித்துவிட்டாரே என்று நானும் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் வற்புறுத்தலுக்காக, திருநின்றவூரில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அங்கே தனியாக இருந்தார். அதே மாடல், அதே வருஷத்து வண்டி. ஆனால் வண்ணம் வெளுத்திருந்தது. முன்பக்க இடது சீட்டில் மெத்தை ஒன்றை மடித்துப் போட்டிருந்தார்கள். ஜன்னலோரம் சின்னத் தலையணை, ஒரு போர்வை, மூடி போட்ட டம்ளர். இவர்கள் சரியான உல்லாசப் பயணக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மீட்டரில் முப்பத்தோராயிரம். பரவாயில்லையே என்று அப்பாவின் முகம் தெளிந்தபோது, யாரும் கேட்காமலே தலைமையாசிரியர் சொன்னார்: "அது ஒரு சுத்து முடிஞ்சு மறுபடி ஆரம்பிச்சது சார். மொத்தம் ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம்."

அப்பா மீட்டரை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

எப்படி ஓடியது என்று மாமா விசாரித்தார். தினமும் பட்டாபிராமில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்ததாகவும், கடைசி நாலு வருஷம் செவ்வாயும் வெள்ளியும் மனைவியோடு மெட்ராஸ் போய்வந்ததாகவும் அவர் சொன்னார். ஆயிலைக் கெடு தவறாமல் மாற்றியிருக்கிறார். இப்போது போக இடமில்லை, இருந்தாலும் வண்டி நிற்கக் கூடாதென்று காலையில் ஆவடி வரை போய்த் திரும்பிவிடுகிறாராம். மாமா வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, சூடான பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, "எடுத்துக்க மச்சான்" என்றார்.

அந்த வண்டி எட்டு மே மாதங்கள் எங்களை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனது. தம்பி ஒரே ஒருமுறைதான் வாந்தி எடுத்தான். அதற்கும் பலாப்பழம்தான் காரணம். துணிக்கடைக்காரர் வண்டியை வேறு யாரோ வாங்கி, பூந்தமல்லியில் நாலு பேர் தள்ளிக்கொண்டு போனதை அப்பா பார்த்திருக்கிறார். அம்பத்தூருக்கே போய் மாமாவிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தார். அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்க அந்த ஒரு வழிதான் தெரியும்.

வண்டியை எடுக்கப் போன அன்று, தலைமையாசிரியர் தலையணையையும் போர்வையையும் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோனார். வெகுநேரம் ஆயிற்று. பிறகு, ஏரி முனை வரை தானும் வரலாமா என்று கேட்டார். முன்சீட்டை அப்பா காட்டியும் மறுத்துவிட்டுப் பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மாமா முன்னால் ஏறிக்கொண்டார். எங்களுக்கு மெட்ராஸ் என்றால் வருஷத்துக்கு ஒரு பொருட்காட்சி, ஒரு கடற்கரை. அவ்வளவு பொறாமையையும் என்னால் அடக்கமுடியவில்லை.

"வாரத்துக்கு ரெண்டு தடவை மெட்ராஸா சார்? ஆன்ட்டிக்கு ஜாலியா இருந்திருக்கும்ல?"

மாமா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். அப்பா வேகத்தைக் குறைத்தார். தலைமையாசிரியர் மட்டும் நான் ஏதோ நல்ல கேள்வி கேட்டுவிட்டதுபோல் யோசித்துப் பதில் சொன்னார்.

"போகும்போது அவளுக்குப் பிடிக்காதும்மா. திரும்பி வரும்போது ரொம்பப் பிடிக்கும்."

ஏரி முனையில் இறங்கிக்கொண்டார். நன்றி சொன்னார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்த வழியே நடந்தார்.

அந்தச் செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரி நாட்கள் என்று, நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். அன்றைக்கு எனக்கு, மெட்ராஸ் போகச் சலித்துக்கொண்டு திருநின்றவூருக்குத் திரும்பச் சந்தோஷப்படும் ஒருத்தி இருப்பாள் என்பதையே நம்பமுடியவில்லை. வீடு வரும் வரை அப்பாவும் மாமாவும் ஒரு வார்த்தை பேசவில்லை. கார் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் இப்படியா வருவார்கள் என்று எனக்கு அவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது.