கடைசியில் வந்த பெயர்

சிம்ரீத் மோவாபிலிருந்து பெத்லகேமுக்கு வாழ வந்தவள். யாமினின் மனைவி, என் பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய மாமனார் எல்யாசாப்புக்குத் தாவீது ராஜாவின் வம்சம் என்று அப்படி ஒரு தலைக்கனம். உழுததென்னவோ கல்லும் முள்ளுமான ஒரு துண்டு நிலம்தான். ஓய்வுநாள் சாப்பாட்டுக்கு முன்பு, ஆதி முப்பாட்டன் பேரேஸ் தொடங்கிப் பேரப்பிள்ளைகள் வரை வம்சத்தை ஒப்பிப்பார். சிம்ரீத்தின் மகன் எல்தாத்தின் பெயர் மட்டும் அதில் வராது.

"அந்நியக்காரி பெத்தது கணக்குல சேராது."

"தாவீது ராஜாவோட பூட்டி ரூத்து எங்க ஊருக்காரிதானே மாமா? அவளைக் கழிச்சுட்டா உங்க ராஜா எங்கேருந்து வந்தாராம்?"

வீடே சிரித்தது. கிழவர் அப்பத்தைப் பிட்டு எல்லாருக்கும் கொடுத்தார். ஆனாலும் பெயரைச் சேர்க்கவில்லை. அன்று சிம்ரீத் என்னிடம் வந்து அழுதாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க்கா. கடைசியில அவன் பேரைச் சொன்னா போதும்."

குடிமதிப்பில் பேரை எழுதிக்கொள்ள வம்சத்தார் எல்லாம் வந்து ஊர் நிரம்பி வழிந்தபோது, கலிலேயாவிலிருந்து வந்த ஒரு தச்சனின் மனைவி மாட்டுத் தொழுவத்தில் பிள்ளை பெற்றாள். அவர்களும் தாவீது வம்சம். பிறகு கிழக்கேயிருந்து பெரிய மனிதர்கள் வந்து, பிறந்திருக்கிற ராஜா இவர்தான் என்று அந்தப் பிள்ளையை விழுந்து கும்பிட்டார்கள். நம் வம்சத்தில் மேசியா வந்தாயிற்று என்று எல்யாசாப்புக்குக் கால் தரையில் பாவவில்லை. தச்சன் குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விட்டது.

அப்புறம் அரண்மனைச் சேவகர்கள் வந்தார்கள், பிறந்த அந்தப் புது ராஜாவை ஒழிக்க ஊரின் ஆண்குழந்தைகளை எல்லாம் கொல்ல. கீழ்த்தெருவில் அலறல் கேட்டதும் சிம்ரீத் எல்தாத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வயல் பக்கம் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஒரு சேவகன் வழிமறித்தான்.

"நான் மோவாப்காரிங்க. இது இந்த ஊர்ப் புள்ளை இல்லைங்க."

அவள் பேச்சைக் கேட்டதும் போ என்று கையசைத்தான்.

எதிரே எல்யாசாப் வயலிலிருந்து வந்துகொண்டிருந்தார். மறுபடியும் குடிமதிப்பு எழுத வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் பாவி மனுஷன். மேசியா பிறந்த வம்சத்தில் ஒரு பிள்ளை விட்டுப்போகக் கூடாது என்ற ஞானம் அவருக்கு அப்போதா வரவேண்டும்?

"என்மேல உள்ள கோவத்துல சொல்றாய்யா! இவன் என் பேரன். எழுதிக்கோ: பேரேஸ், எஸ்ரோம்..." மூச்சுவிடாமல் ஒப்பித்தார். "...எல்யாசாப், யாமின், எல்தாத்!"

சேவகன் திரும்பி வந்தான்.

எல்தாத்தை அன்று மாலையே புதைத்தோம். அதற்குப் பிறகு கிழவர் வம்சப்பேச்சை எடுப்பதே இல்லை. சிம்ரீத்தான் விடமாட்டாள். ஓய்வுநாள் தவறாமல் அப்பத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வாள்.

"சொல்லுங்க மாமா. அவன் பேரோட சொல்லுங்க."

கிழவர் பேரேஸ் என்று தொடங்குவார். யாமின் வரைக்கும் வந்துவிடுவார்.