ஒரு சாண் சிவப்பு ரிப்பன்

வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. அதனால் முதலிலேயே:

1. மாமல்லபுரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைக் கூடம்.
2. ஒரு ரிப்பனை வைத்து நான் எழுதிய தீர்ப்பு.
3. அது மாறிய விதம்.
4. நான் எழுதியது அந்த அப்பாவுக்கும் மகளுக்கும் இன்றுவரை தெரியாது என்பது.

கூடத்தில் நுழைந்ததும் உப்புக்காற்றும் தையல் மெஷின் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வரும். வெளியே சவுக்குத் தோப்பு. கேட்பது தோப்பின் இரைச்சலா, கடலின் இரைச்சலா என்று கடைசிவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை... சுவரில் ஒரு மரச்சிலுவை. மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் ஜன்னல் வெயில் மெல்ல நகர்ந்து அதன் காலடிக்கு வரும். மடியில் பிள்ளைகள் தூங்குவார்கள். யாரோ பாதிப் பாட்டைப் பாடிக்கொண்டிருப்பார்கள்.

கணவனை இழந்து, அல்லது கணவன் விட்டுப்போய், பிள்ளைகளோடு தனியாக நின்றவர்களுக்காக தேவாலயத்தைச் சேர்ந்த சிலர் நடத்திய சிறிய அமைப்பு அது. ஒரு கைத்தொழில், பிள்ளைகளுக்குப் படிப்பு, செவ்வாய்தோறும் ஜெபமும் சாப்பாடும். பொறுப்பு ஸ்டெல்லா அக்காவிடம். என்னைவிட இளையவர்தான், எல்லாரும் அக்கா என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

கல்பாக்கத்தில் அலுவலக வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அங்கே ஒரு வேலை கொடுத்தார்கள். உதவி கேட்பவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, படிவம் நிரப்ப வேண்டும். இருபது கேள்விகள். நானே தயாரித்தவை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அம்மாக்கள் மட்டுமே வந்துகொண்டிருந்த இடத்துக்கு, முதல்முறையாக ஓர் அப்பாவின் விண்ணப்பம் வந்தது. பெயர் கன்னியப்பன். கடலுக்குப் போகிறவர். மனைவி மஞ்சள் காமாலையில் இறந்து ஆறு மாதம். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் பவானி. அதிகாலையில் கடலுக்குப் போய்த் திரும்பும்வரை பிள்ளையை யாராவது பார்த்துக்கொண்டால் போதும் என்று கேட்டிருந்தார். எங்களிடம் இருந்த வழியோ செங்கல்பட்டில் ஒரு ஹாஸ்டல். மகள் அப்பாவோடு இருப்பதா, ஹாஸ்டலுக்குப் போவதா... என் படிவத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையின் ஜடையில் சிவப்பு ரிப்பன். ஒரு சாண்கூட இருக்காது. முனைகள் பிய்ந்து நூல் தொங்கியது. பாயில் உட்கார்ந்தபடியே எழுதினேன்: "பிள்ளையின்மேல் கவனிப்பு போதாது. தலையில் கட்டும் ரிப்பன்கூட அறுந்தது. ஹாஸ்டலுக்குப் பரிந்துரைக்கிறேன்."

கையெழுத்துப் போட்டதும் பவானி என் விரலைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, நண்டு பாக்க வரியா?" வாசலில் ஒரு வாளி, அதில் ஒரே ஒரு நண்டு. அதன் பெயர், குணம் எல்லாம் சொன்னாள். கேட்டுக்கொண்டே வெகுநேரம் நின்றேன்... அன்றைய கடல் வெளிச்சம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

மறுநாள் செவ்வாய். படிவம் ஸ்டெல்லா அக்காவின் மேஜைமேல். சாப்பாடு முடிந்ததும் படிப்பதாக இருந்தார். அப்போது கன்னியப்பன் மகளோடு வாசலில் வந்து நின்றார். அத்தனை பெண்களுக்கு நடுவில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

"இந்த ரிப்பன எப்டிக் கட்டுறதுன்னு யாராச்சும் சொல்லிக் குடுங்க."

மீன் விற்கும் ராணி ஜடையைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னா அண்ணாத்த இது, வலைக்குப் போடுற முடிச்சு போட்டு வெச்சிகிற?"

"அதான் கைக்கு வருது."

"ரிப்பனு இன்னா சுறாவா, துள்ளிக்கினு ஓடுறதுக்கு? சாயங்காலம் எப்டி அவுப்ப?"

"அவுக்க வராது. பிளேடு போட்டு அறுத்துடுவேன்."

கூடமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். ராணி பவானியை மடியில் இழுத்து உட்காரவைத்து, பூ மாதிரி விரியும் முடிச்சைப் போட்டுக் காட்டினாள். அவர் விரல்கள் வெட்டுத் தழும்பு நிறைந்தவை. ஐந்தாவது தடவையில் வந்தது.

"நீ கடலுக்குப் போசொல்லோ புள்ளய என் வூட்ல வுட்டுட்டுப் போ. அடுத்த தெருவுதான," என்றாள் ராணி.

எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அக்கா, கண்ணாடி சரியில்ல, அந்தப் படிவத்தத் திருப்பிக் குடுங்க" என்று மட்டும் சொல்லி வாங்கி, வேறொன்று எழுதினேன். பிள்ளை அப்பாவோடு இருந்தாள்.

இப்போது சவுக்குத் தோப்பு இருந்த இடத்தில் ஒரு ரிசார்ட். சாலையைக் கடக்கவே எனக்குப் பயம். பவானி படூரில் கல்லூரி முடித்து, அதே கூடத்தில் நான் பார்த்த வேலையைப் பார்க்கிறாள். கேள்விகள் செல்போனுக்குப் போய்விட்டன.

இதுவரை எழுதிவிட்டு, விவரம் சரிதானா என்று அவளுக்குப் போன் செய்தேன். "ரிப்பன் சிவப்புத்தானேம்மா?"

"செவப்புதான் தாத்தா. அதப் பத்தியா எழுதுற? நாம நண்டு பாக்கசொல்லோ உன் ஃபைலு பாயிலயே தொறந்து கெடந்துச்சாம். அப்பா படிச்சிட்டாராம். அதுக்குத்தான் மறுநாளே ரிப்பனு கட்டக் கத்துக்க ஓடியாந்தாரு. இரு, பக்கத்துலதான் கீறாரு, குடுக்கறேன்."

"சார், நல்லா கீறீங்களா?" என்றது அந்தக் குரல். "நண்டு வாங்கி வெக்கறேன், ஒரு நாளு வாங்க."

இத்தனை வருஷமாக என்னைக் கண்டால் எழுந்து நின்றவர். அதைப் பற்றி ஒரு தடவைகூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மேலே நான்காவதாக எழுதியது தவறு. அவருக்கு அன்றைக்கே தெரியும்.